மலச்சிக்கலும் சிறுநீர்க் கசிவும்: காவிரிப் படுகைப் பெண்களை முன்வைத்து

மலச்சிக்கலும் சிறுநீர்க் கசிவும் இரண்டு தனித்தனித் தொல்லைகளாகவே பெரும்பாலும் நடத்தப்படுகின்றன. முதலாவதற்கு நாட்டு மருந்துக் கடையில் சூரணமும், மருந்துக் கடையில் மாத்திரையும் யாரையும் கேட்காமல் வாங்கப்படுகின்றன. இரண்டாவதை வெளியில் சொல்லாமல், மடித்த துணியை வைத்துக்கொண்டே பெண்கள் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகிறார்கள். பெரிய மருத்துவமனைக்குப் போனாலும் குடலுக்கு ஒரு பிரிவு, சிறுநீர்ப் பாதைக்கு ஒரு பிரிவு, கர்ப்பப்பைக்கு ஒரு பிரிவு. உடலில் இவை மூன்றும் இருப்பதோ ஒரே எலும்புக் கூட்டுக்குள். மூன்றையும் தாங்குவது ஒரே தசைத்தளம், ஆள்வது ஒரே நரம்புக் கொத்து. நாள்பட்ட மலச்சிக்கல் சிறுநீர்ப்பையின் வேலையைக் கெடுக்கிறது என்பதும், பலருக்குக் குடலைச் சீராக்கிய பிறகு கசிவு குறைகிறது என்பதும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் திரண்டுவரும் மருத்துவச் சான்றுகளின் சாரம்.

இடுப்பெலும்புக் கூட்டின் முன்பக்கத்தில் சிறுநீர்ப்பை, பின்பக்கத்தில் மலக்குடல், பெண்களுக்கு இரண்டுக்கும் நடுவே கர்ப்பப்பையும் யோனியும். முன்னே பூப்பெலும்பிலிருந்து பின்னே வால் எலும்பு வரை தூளி போலத் தொங்கும் தசைத் தொகுதி இவற்றை அடியிலிருந்து தாங்குகிறது. இதுவே இடுப்புத்தளம். அதன் ஒரு பகுதியான பியூபோரெக்டாலிஸ் என்னும் தசை, மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்து முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கிறது. இந்த இழுப்பால் மலக்குடலுக்கும் ஆசனவாய்க்கும் இடையே ஒரு மடிப்பு விழுகிறது. மலம் தானாக வெளியேறாமல் இருப்பதில் அந்த மடிப்புக்குப் பெரும் பங்கு உண்டு. குந்தி உட்காரும்போது மடிப்பு நிமிர்கிறது, வழி திறக்கிறது. சிறுநீர்ப்பையைச் சுருங்கச் செய்யும் நரம்புகளும் மலக்குடலை இயக்கும் நரம்புகளும் தண்டுவடத்தின் அடிப்பகுதியில், இரண்டாம் முதல் நான்காம் வரையிலான திருவெலும்பு நரம்புகளிலிருந்தே கிளம்புகின்றன. இரண்டு வாயில்களின் சுருக்குத்தசைகளுக்கும் ஆணை கொண்டுசெல்லும் புடெண்டல் நரம்பும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே ஒன்றில் ஏற்படும் நெருக்கடி மற்றதற்குத் தெரியாமல் போவதற்கு உடலமைப்பிலேயே இடமில்லை.

மலச்சிக்கல் என்றால் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்ற கேள்வி உடனே எழும். வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவு என்பது 2016-இல் வெளிவந்த ரோம் வரையறையின் நான்காம் பதிப்பு தரும் அடையாளங்களுள் ஒன்று. இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் நாள்தோறும் ஒரு முறையேனும் போகிறவர்கள் என்பதால், இந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் இங்கே பலர் தப்பிவிடுவார்கள். தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். முக்க வேண்டியிருப்பது, மலம் கட்டியாகவோ ஆட்டுப் புழுக்கை போலவோ வருவது, போய்வந்த பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு, வாயில் அடைபட்டது போன்ற தவிப்பு ஆகியவையும் அதே வரையறையில் உண்டு. இங்குள்ளவர்களுக்கு நாள் கணக்கைவிட இந்த அடையாளங்களே கூடுதலாக உதவும்.

சிறுநீர்க் கசிவும் ஒரே வகையாக இருப்பதில்லை. இருமினாலோ, தும்மினாலோ, குடத்தைத் தூக்கினாலோ சிந்துவது அழுத்தக் கசிவு. திடீரென முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போய்ச் சேருவதற்குள் போய்விடுவது அவசரக் கசிவு. பை முழுதாகக் காலியாகாமல் நிரம்பி வழிவது மூன்றாவது வகை. முதல் இரண்டும் கலந்து வருவதும் சாதாரணம். மலச்சிக்கல் இந்த மூன்றுடனும் தொடர்புள்ளது. தொடர்பின் வழி மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதல் வழி இடநெருக்கடி. மலம் தேங்கிப் பருத்த மலக்குடல் முன்னோக்கித் தள்ளும்போது சிறுநீர்ப்பை விரிவதற்கான இடம் குறைகிறது. வழக்கமாக 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும் பை, அதைவிட மிகக் குறைவான அளவிலேயே நிரம்பிவிட்டதாக அறிவிக்கத் தொடங்குகிறது. மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்த ஆய்வுகளில், நோயில்லாத பெண்களுக்குக்கூட முதல் உந்துதல் வழக்கத்தைவிட முன்னதாகவே தோன்றியது. இதை வெறும் நெருக்கலாக மட்டும் விளக்க முடியாது. விரிந்த மலக்குடலிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் செய்தி, அதே கணுவில் கூடும் சிறுநீர்ப்பை நரம்புகளின் போக்கையும் மாற்றுகிறது. விளைவு, அடிக்கடி போவது, இரவில் எழுவது, அடக்க முடியாமல் சிந்துவது. சிலருக்கு நெருக்கல் எதிர்த் திசையில் வேலை செய்கிறது. சிறுநீர்த் தாரை அழுந்திப் பை முழுதாகக் காலியாவதில்லை. எஞ்சி நிற்கும் சிறுநீரில் கிருமி பெருகிச் சிறுநீர்த் தொற்றும் வந்து சேர்கிறது.

இரண்டாம் வழி முக்கல். இதன் விளைவு ஒரு நாளில் தெரிவதில்லை. மூச்சைப் பிடித்து முக்கும் ஒவ்வொரு முறையும் வயிற்றறையின் அழுத்தம் முழுவதும் இடுப்புத்தளத்தின் மேல் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது தசைத்தளம் கீழே தொய்கிறது. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸும் உடன் பணியாற்றியோரும் 1966-இல் இந்தத் தொய்வைத் தனி நோய்க்குறியாக விவரித்தார்கள். தளம் இறங்கும்போது அதன் வழியே ஓடும் புடெண்டல் நரம்பும் இழுபடுகிறது. நீண்ட காலம் முக்கியவர்களுக்கு அந்த நரம்பின் வேகம் குறைந்திருப்பது 1980-களில் அளந்து காட்டப்பட்டது. அதே ஊரில் 1994-இல் வெளியான ஓர் ஆய்வு கேள்வியை நேராகவே கேட்டது: கசிவும் கர்ப்பப்பை இறக்கமும் வருவதற்கு முன்பே, இளவயதில் இந்தப் பெண்கள் முக்கிக்கொண்டிருந்தார்களா? கர்ப்பப்பை இறக்கம் கண்டவர்களில் 61 விழுக்காட்டினரும் அழுத்தக் கசிவு உள்ளவர்களில் 30 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். இரண்டும் இல்லாதவர்களில் ஆம் என்றவர்கள் 4 விழுக்காடு. ஆய்வில் பங்கேற்றோர் சிலரே. பல ஆண்டுகளுக்கு முந்தைய பழக்கத்தை நினைவிலிருந்து கேட்டுப் பெறும் முறைக்குரிய பலவீனமும் அதற்கு உண்டு. ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கும்போது அதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

மூன்றாம் வழி பழக்கத்தால் வருவது. மலத்தையோ சிறுநீரையோ அடக்கி அடக்கிப் பழகியவர்களின் இடுப்புத்தளம் தளர மறந்துவிடுகிறது. முக்கும்போது தளர வேண்டிய தசை மேலும் இறுகுகிறது. சிறுநீர் விட்டு விட்டு வருகிறது, மலம் வாயிலிலேயே நிற்கிறது. இவர்களுக்குத் தசை வலுவிழக்கவில்லை, எந்நேரமும் இறுகியிருப்பதுதான் கோளாறு. எல்லாருக்கும் இறுக்கும் பயிற்சியையே சொல்லிக்கொடுத்தால் இவர்களுக்கு நிலைமை மோசமாகும். பயிற்சியைத் தொடங்கும் முன் ஒரு முறையாவது தேர்ந்தவரின் பரிசோதனை தேவைப்படுவது இதனால்தான்.

தொடர்பு எதிர்த் திசையிலும் ஓடுகிறது. கசிவுக்குப் பயந்தவர் முதலில் செய்வது தண்ணீரைக் குறைப்பது. உடலில் நீர் குறையும்போது பெருங்குடல் மலத்திலிருந்து கூடுதலாக நீரை உறிஞ்சிக் கட்டியாக்குகிறது. மருத்துவரிடம் போனால், அவசரக் கசிவுக்கு நெடுங்காலமாக எழுதப்படும் ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் ஆகிய மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் சுருக்கத்தைக் குறைப்பதோடு குடலின் அசைவையும் குறைக்கின்றன. மலச்சிக்கல் இவற்றின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு. மலச்சிக்கலால் தொடங்கிய கசிவுக்கு மலச்சிக்கலை வளர்க்கும் மருந்து போய்ச் சேரும் விந்தை, குடலைப் பற்றி ஒரு கேள்வி கேட்கப்படாததால் நிகழ்வது. மிராபெக்ரான் போன்ற பிற்கால மருந்துகளில் இந்தத் தொல்லை குறைவு.

சான்றுகளில் மிகத் தெளிவானவை குழந்தைகளிடமிருந்து கிடைத்தவை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேரா லோனிங்-பாக் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட மலச்சிக்கலும் மலக்கசிவும் உள்ள 234 குழந்தைகள் இடம்பெற்றார்கள். அவர்களில் 29 விழுக்காட்டினருக்குப் பகலிலும் 34 விழுக்காட்டினருக்கு இரவிலும் சிறுநீர் கசிந்தது. கொடுக்கப்பட்ட சிகிச்சை குடலுக்கு மட்டுமே. மலச்சிக்கல் தீர்ந்த குழந்தைகளில் 89 விழுக்காட்டினருக்குப் பகல் கசிவும் 63 விழுக்காட்டினருக்கு இரவுக் கசிவும் நின்றுபோயின. சிறுநீர்ப்பைக்கென்று மருந்தே கொடுக்காமல் கிடைத்த பலன் இது. இன்று குழந்தை மருத்துவத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே கோளாறாகவே பெயரிட்டு வகைப்படுத்துகிறார்கள். படுக்கையை நனைக்கும் குழந்தைக்கு முதலில் குடலைப் பார், பிறகு சிறுநீர்ப்பைக்கு வா என்பது வழிகாட்டு நெறியாகவே ஆகிவிட்டது. பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று இதில் உண்டு. உள்ளே கட்டிய மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் உள்ளாடையில் கசியும்போது, அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணிக் கட்டுப்படுத்தும் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்கு அஞ்சிக் காலைப் பின்னிக்கொண்டு மாலை வரை அடக்கும் பிள்ளைகளிடம் இந்தக் கோளாறு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

முதியவர்களிடமும் இதே போக்குத் தெரிகிறது. இஸ்ரேலில் 65 வயதைக் கடந்த 52 பேரிடம் நடத்தி 2001-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், மலச்சிக்கலுக்குச் சிகிச்சை அளித்த பின் அவசரமும் அடிக்கடி போவதும் குறைந்தன. பையில் எஞ்சும் சிறுநீரின் அளவும் இறங்கியது. பிராஸ்டேட் வீங்கிய முதியவர் ஒருவருக்குத் திடீரென நீர் அடைத்துக்கொள்ளும்போது, பல நாள் தேங்கிய மலமே கடைசித் தூண்டுதலாக இருப்பதை மருத்துவர்கள் வழக்கமாகக் காண்கிறார்கள். நடுத்தர வயதுப் பெரியவர்களைப் பற்றிய சான்று மட்டும் இன்னும் மெலிவு. இரண்டு கோளாறுகளும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுகின்றன என்று காட்டும் ஆய்வுகள் ஏராளம். ஒன்றைத் தீர்த்தால் மற்றது தீருமா என்று சோதித்தவை சிலவே.

குடலையும் சிறுநீர்ப்பையையும் ஒரே ஆட்சிக்குள் வைத்துப் பார்க்கும் எண்ணம் தமிழ் மருத்துவத்துக்குப் புதிதல்ல. சித்த மருத்துவம் கூறும் பத்து வாயுக்களில் கீழ்நோக்கி இயங்கும் அபானன், மலத்தையும் சிறுநீரையும் வெளியேற்றும் பொறுப்புடையது. அடக்கக் கூடாதவை என்று அது எண்ணும் பதினான்கு வேகங்களில் இவை இரண்டும் அடக்கம். தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தி, அங்கே சோதித்த மருந்து முறைகளைத் தமிழில் எழுதிவைக்கச் செய்தார். சரபேந்திர வைத்திய முறைகள் என்ற பெயரில் நோய்வாரியாக அவற்றைச் சரசுவதி மகால் நூலகம் பிற்காலத்தில் அச்சிட்டது. அபானனுக்கும் திருவெலும்பு நரம்புகளுக்கும் முடிச்சுப் போட்டு, எல்லாம் அன்றே தெரிந்திருந்தது என்று பெருமை பேசுவதில் பயனில்லை. ஆனால் அடக்காதே என்ற அறிவுரையை இன்றைய நரம்பியலும் அப்படியே ஏற்கிறது.

அந்த அறிவுரையைக் கடைப்பிடிக்க முடியாத வாழ்க்கை ஒன்று தஞ்சைச் சீமையின் வயல்களில் தலைமுறைகளாக நடந்துவருகிறது. மரபுப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, கல்லணை வழியே தண்ணீர் வந்து சேர்ந்ததும் குறுவை நடவு. அதன் பின் சம்பா, தாளடி. நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. பாபநாசத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வரை கண்ணுக்கு எட்டிய தூரம் மறைவில்லாத சமவெளி. வரப்பில் ஒதுங்க மரம்கூட இல்லாத இடத்தில், ஆண்கள் நடமாடும் நேரத்தில், சேற்றில் நிற்கும் பெண் என்ன செய்வாள்? தண்ணீரைக் குடிக்காமல் இருப்பாள், வந்ததை அடக்குவாள். வீட்டில் கழிப்பறை இல்லாத காலத்தில் விடிவதற்கு முன்போ பொழுது சாய்ந்த பிறகோதான் வாய்க்கால் கரைக்குப் போக முடியும். நடுப்பகலில் மலக்குடல் கொடுக்கும் உந்துதலுக்கு அங்கே மதிப்பில்லை. அடக்கிய உந்துதல் சிறிது நேரத்தில் அடங்கிவிடும், மலம் பின்வாங்கி இறுகும். இப்படிப் பல ஆண்டுகள் போனால் மலக்குடல் விரிந்து உணர்வு மழுங்கிவிடுகிறது. மலம் சேர்ந்திருப்பதே தெரியாத நிலை வருகிறது.

2014 அக்டோபர் 2-இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்துக்குப் பின் வீட்டுக் கழிப்பறைகள் பெருகின. வயலுக்கு அவை வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்பவருக்கும், துணிக்கடையில் நாள் முழுதும் நிற்பவருக்கும் பகல் முழுவதும் பழைய கதைதான். நடவு எந்திரங்கள் பெருகிக் குனிந்து நிற்கும் நேரம் குறைந்துவருகிறது. அடக்கும் நேரம் குறையவில்லை. இடுப்புத்தள நலத்தைப் பற்றிய பாடநூல்கள் பெரும்பாலும் மேலை நாடுகளில் எழுதப்பட்டவை என்பதால், வேலையிடத்துக் கழிப்பறை அவற்றில் ஓர் அத்தியாயமாக இடம்பெறுவதில்லை. இங்கே அதுவே முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும்.

பிள்ளைப்பேறு அடுத்தது. யோனிவழிப் பிரசவத்தில் இடுப்புத்தளத் தசை பல மடங்கு நீள்கிறது, புடெண்டல் நரம்பும் இழுபடுகிறது. பெரும்பாலான பெண்களுக்குச் சில மாதங்களில் அவை தேறிவிடும். தேறிக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் மலச்சிக்கலும் சேர்ந்து தாக்குகிறது. கர்ப்ப காலத்தில் 180 நாளும் பிரசவத்துக்குப் பின் 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது அரசுத் திட்டம். இரத்தசோகையைத் தடுக்க அது இன்றியமையாதது. மலத்தை இறுக்கும் குணமும் அதற்கு உண்டு. போதாததற்குப் பத்தியம். பச்சை உடம்புக்காரி தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு பெருக்கும், கீரையும் பழமும் குழந்தைக்குச் சேராது என்று சொல்லி, குழைந்த சோற்றையும் பூண்டுக் குழம்பையும் மட்டும் போடும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு நீர்த்தேவை கூடும் நேரத்தில் அவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பது கேடு. தையல் போட்ட வலியில் போகப் பயந்து அடக்குவதும் இதனுடன் சேர்கிறது. மாத்திரையை நிறுத்தாமல், தண்ணீரையும் நார்ச்சத்தையும் கூட்டி, தேவைப்பட்டால் மலமிளக்கியும் கொடுப்பதே வழி. தமிழ்நாட்டில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. தாயை வீட்டுக்கு அனுப்பும் முன் இதைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிட்டத்தட்ட எல்லாரிடமும் கிடைக்கிறது என்பது இதன் பொருள்.

பேறுகாலம் முடிந்து சீக்கிரமே நெல் மூட்டைக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் திரும்பும் பெண்களுக்கு அடி இறங்கும் அபாயம் கூடுகிறது. செங்கல்பட்டுப் பகுதியில் இயங்கும் கிராமப்புறப் பெண்கள் அமைப்பான ருவ்செக், கர்ப்பப்பை இறக்கத்தோடு வாழும் பெண்களின் அனுபவங்களைத் தொகுத்து 1999-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டு உழைக்கும் பெண்களின் இடுப்புத்தளத்தைப் பற்றிய அரிய ஆவணம் அது. இறக்கத்தில் மலக்குடலின் முன்சுவர் யோனிக்குள் பிதுங்குவதும் உண்டு. அப்போது முக்கும் விசை ஆசனவாய்க்குப் போகாமல் அந்தப் பையை நிரப்பவே செலவாகிறது. எவ்வளவு முக்கினாலும் போகாது. விரலால் யோனியின் பின்சுவரை அழுத்திக்கொண்டால்தான் போகும் என்பதை, கேட்டாலொழியப் பெண்கள் மருத்துவரிடம் சொல்வதில்லை.

இனி சோறு. நெற்களஞ்சியத்தின் மக்களுக்கு மலச்சிக்கல் வருவதில் தீட்டிய அரிசிக்குப் பங்கு இருக்கிறது. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் நார்ச்சத்து சுமார் 2.8 கிராம். தவிடு போகாத அரிசியில் 4.4, கேழ்வரகில் 11, முழுப் பாசிப்பயற்றில் 17, முருங்கைக் கீரையில் 8. ஒரு நாளில் 400 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுபவருக்கும் சோற்றிலிருந்து கிடைப்பது 11 கிராம்தான். ஒரு பெண்ணுக்குத் தேவை 25 முதல் 30 கிராம். மிச்சத்தைக் குழம்பும் பொரியலும் தர வேண்டும். ரசமும் அப்பளமும் ஊறுகாயுமாக முடியும் சாப்பாட்டில் அது நடக்காது. இத்தனைக்கும் படுகையின் கொல்லையிலேயே வாழைத்தண்டும் வாழைப்பூவும் கீரையும் கொய்யாவும் விளைகின்றன. திருத்துறைப்பூண்டிக்கு அருகே ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, மரபு நெல் விதைகளைப் பரப்பிய நெல் ஜெயராமன் 2018-இல் மறைந்தார். அவர் மீட்ட மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசிகளைத் தவிட்டோடு சாப்பிட்டால் பயன் உண்டு. வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் மரபு நெல்லும் மற்றதைப் போலத்தான். நார்ச்சத்தைத் திடீரெனக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுவதும், கூடவே தண்ணீர் குடிப்பதும் அவசியம். மலக்குடலில் ஏற்கெனவே கட்டி அடைத்திருக்கும்போது நார்ச்சத்தை ஏற்றுவது அடைப்பைக் கூட்டும். முதலில் அதை வெளியேற்ற வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் மிகையான நம்பிக்கையும் உண்டு. போதிய அளவு குடிப்பவர் மேலும் குடம் குடமாகக் குடித்தால் மலம் இளகிவிடாது, சிறுநீர்தான் கூடும். பலன் கிடைப்பது குறைவாகக் குடிப்பவருக்கே. சாதாரண நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், கோடை வெயிலில் வயலில் நிற்பவருக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதல். கும்பகோணம் டிகிரி காபிக்கும் இந்தக் கணக்கில் ஓர் இடம் உண்டு. காலைக் காபி பலருக்குக் குடலை அசைக்கிறது. அதே காபீன் சிறுநீர்ப்பையையும் உசுப்புகிறது. காலையில் ஒரு டம்ளரோடு நிறுத்திக்கொள்பவருக்கு இரண்டு பக்கமும் லாபம். மாலை வரை நாலைந்து டம்ளர் உள்ளே போனால் அவசரக் கசிவுக்காரருக்கு நட்டம்தான்.

நீரிழிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் ஆண்டுகள் போனால் குடலையும் சிறுநீர்ப்பையையும் இயக்கும் தன்னியக்க நரம்புகள் ஒன்றாகவே பழுதாகின்றன. குடல் மந்தமாகிறது, பை நிரம்பியது தெரியாமல் வழிகிறது. இவருக்கு மலச்சிக்கல் கசிவின் காரணமாக இருப்பதைவிட, இரண்டும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாக இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டு குறைவும் பார்க்கின்சன் நோயும், சில வலி மாத்திரைகளும் இரத்த அழுத்த மாத்திரைகளும் இதே சந்தேகப் பட்டியலில் வரும்.

சிகிச்சையின் வரிசை இவற்றிலிருந்து தானாகவே அமைகிறது. முதலில் குடல். காலை உணவுக்குப் பின் அரை மணிக்குள் பெருங்குடல் இயல்பாகவே வேகம் பெறுகிறது. அந்த நேரத்தில் அவசரமின்றிக் கழிப்பறையில் உட்கார்வதை வழக்கமாக்குவது செலவில்லாத மருந்து. இஸ்ரேலில் 28 பேரிடம் செய்து 2003-இல் வெளியிடப்பட்ட ஒப்பீட்டில், உயரமான கோப்பையில் உட்கார்ந்தவர்களைவிடக் குந்தியவர்கள் குறைந்த நேரத்தில், குறைந்த முக்கலில் முடித்தார்கள். தரையோடு பதித்த கழிப்பறை அந்த வகையில் மேலானது. முழங்கால் தேய்ந்தவர்கள் கோப்பையை விட முடியாது. அவர்கள் காலடியில் ஒரு தாழ்ந்த பலகையைப் போட்டு முழங்காலை உயர்த்தி, சற்று முன்னே குனிந்தால் ஏறக்குறைய அதே கோணம் கிடைக்கும்.

மலமிளக்கிகளில் ஈசப்கோல், லாக்டுலோஸ், பாலிஎதிலீன் கிளைக்கால் ஆகியவை மருத்துவர் சொன்ன அளவில் நீண்ட நாள் எடுத்துக்கொள்ளத் தக்கவை. விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவும் பழைய வழக்கத்துக்கு நாள்பட்ட மலச்சிக்கலில் வேலை இல்லை. ஒரு நாள் பேதி, பின்பு நாலு நாள் வெறுமை, மறுபடி இறுக்கம் என்ற சுழலே மிஞ்சும். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உலகெங்கும் ஏற்றுமதியாகும் நிலவாகை பயனுள்ள மூலிகை. தினமும் தானாக எடுத்துக்கொள்ளும் சூரணமாக இல்லாமல், குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

அடுத்து தசை. அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-இல் எழுதிய கட்டுரைக்குப் பின் இடுப்புத்தளப் பயிற்சி உலகெங்கும் பரவியது. யோகத்தில் மூலபந்தம் என்று சொல்லப்படுவதும் இதே தசைகளின் சுருக்கமே. காற்றையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல உள்ளிழுத்து, சில விநாடி நிறுத்தி, அதே அளவு நேரம் முழுதாகத் தளர்த்த வேண்டும். பத்துப் பத்தாக நாளில் மூன்று முறை, குறைந்தது மூன்று மாதம். இருமலோ தும்மலோ வரப்போகிறது என்று தெரிந்த நொடியில் முன்கூட்டியே இறுக்கிக்கொள்வதும் இதில் ஒரு பாடம். உலக ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வின்படி, அழுத்தக் கசிவுள்ள பெண்களில் பயிற்சி செய்தவர்களில் 56 விழுக்காட்டினர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதவர்களில் 6 விழுக்காடு. அவசரக் கசிவுக்குச் சிறுநீர் கழிக்கும் இடைவெளியைச் சிறுகச் சிறுக நீட்டும் பயிற்சி உண்டு. மாத்திரை இவற்றுக்கு அடுத்த படி, அறுவைச் சிகிச்சை கடைசி.

குடலைச் சீராக்கினால் எல்லாருக்கும் கசிவு நின்றுவிடும் என்று வாக்களிக்க முடியாது. பிரசவத்தில் தாங்குதசை கிழிந்தவருக்கும், வெகுவாக அடி இறங்கியவருக்கும் அது துணைச் சிகிச்சை மட்டுமே. ஆனால் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் முக்கலைத் தொடர்ந்தால், தைத்துத் தூக்கிய இடத்தின் மீது அதே பழைய சுமை விழும் என்பதால், அவர்களுக்கும் குடல் சிகிச்சை தேவைப்படாமல் போவதில்லை.

சில அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்கக் கூடாது. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் மலச்சிக்கல், சிறுநீரில் இரத்தம், காய்ச்சலோடு நீர்க்கடுப்பு ஆகியவற்றுக்கு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் அடியோடு நின்றுபோவதும், பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போய்க் கால் பலவீனமாவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரங்கள்.

தஞ்சாவூரில் 1959-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், நகரின் நடுவே தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் சிகிச்சை தரும் இராசா மிராசுதார் மருத்துவமனையும் இருக்கின்றன. சுற்றுவட்ட ஊர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்கள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கப் பெண் தன்னார்வலர்கள் வீடு தேடி வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையாளரும் வருகிறார். முக்க வேண்டியிருக்கிறதா, சிறுநீர் தானாகப் போகிறதா என்ற இரண்டு கேள்விகளையும் அந்த வருகையின்போதே, வீட்டு ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து அவர்கள் ஒரு சேரக் கேட்க வேண்டும். கேட்காவிட்டாலும், பெண்கள் இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.